மலையடிவாரத்துக் காற்றும் கணிப்பொறிக் கணக்கும்

சேந்தமங்கலம் பிரதேசத்துக் குடியானவர்களுக்குக் காற்றின் இயல்பைப் பற்றி எவரும் புதிதாகப் போதிக்க வேண்டுவதில்லை. களத்தை எந்த மேட்டில் அமைத்தால் தூற்றுவதற்குத் தடையின்றிக் காற்றுக் கிடைக்கும் என்பதை அவர்களுடைய முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். மேற்கிலிருந்து வருவது கோடை, கிழக்கிலிருந்து வருவது கொண்டல், வடக்கிலிருந்து வருவது வாடை, தெற்கிலிருந்து வருவது தென்றல் என்று திசைக்கொரு பெயரிட்டு, ஒவ்வொன்றின் குணத்தையும் பிரித்தறிந்தவர்கள் தமிழ் மக்கள். ஒரே நாளில், ஒரே நேரத்தில், ஒரு தோட்டத்தில் வாழை குலையோடு சாய்ந்து கிடக்க, சற்றுத் தள்ளியுள்ள மற்றொரு தோட்டத்தில் மரங்கள் சேதமின்றி நிற்பதும் குடியானவர்கள் அறியாததன்று. காற்று எல்லா நிலத்துக்கும் சமமாகப் பங்கிடப்படுவதில்லை என்பது அவர்களுக்கு அனுபவ பாடம்.

ஆனால், அவர்களுக்குக் கிடைக்கும் வானிலை அறிவிப்புகள் இந்த அனுபவ பாடத்தை ஏற்றுக்கொண்டவையாக இல்லை. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த வானிலை ஆலோசனை மையம் கோழிப்பண்ணையாளருக்கும் விவசாயிகளுக்கும் பல வருஷங்களாக முன்னறிவிப்புக் கூறி உதவி வந்திருக்கிறது. கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகமும் இந்திய வானிலை இலாகாவும் வட்டார அளவு வரை அறிவிப்பைக் கொண்டுவந்துள்ளன. இவற்றின் பயனை எவரும் மறுக்க முடியாது. எனினும், ஒரு வட்டாரம் முழுவதற்கும் காற்றின் வேகம் இவ்வளவு, திசை இன்னது என்று ஒரே அளவைச் சொல்லுவதே வழக்கமாக இருக்கிறது. மலையற்ற சமவெளிக்கு இது ஓரளவு போதும். கொல்லிமலையின் காலடியில் உள்ள ஊர்களுக்குப் போதாது. மலையும் பள்ளமும் காற்றை எவ்வாறு திருப்புகின்றன என்பதைக் கணிப்பொறியின் உதவியால் ஊர் ஊராகக் கணக்கிட்டுக் குடியானவர் கையில் கொடுக்கும் காலம் வந்துவிட்டது. அதற்கு வேண்டிய சாதனங்களும் பெரும்பாலும் கைக்கெட்டும் நிலையில் உள்ளன.

முதலில் ஸ்தல நிலைமையைக் கவனிக்கலாம். சேந்தமங்கலம் கடல் மட்டத்துக்குச் சுமார் 200 மீட்டர் உயரத்தில் அமைந்த சமவெளி. அதற்குக் கிழக்கே காரவள்ளியைத் தாண்டியதும் கொல்லிமலை செங்குத்தாக எழுகிறது. எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே சென்றால், 1,000 மீட்டருக்கும் 1,300 மீட்டருக்கும் இடைப்பட்ட உயரத்தில் மேட்டுநிலம் பரந்து கிடக்கிறது. மலைத்தொகுதி வடக்கு தெற்காகச் சுமார் 28 கிலோமீட்டரும், கிழக்கு மேற்காகச் சுமார் 19 கிலோமீட்டரும் உள்ளது. வடபுறத்தில் கொல்லிமலைக்கும் போதமலைக்கும் நடுவே நாமகிரிப்பேட்டைப் பள்ளத்தாக்குச் செல்லுகிறது. சேந்தமங்கலத்துக்கு அருகே சமவெளியில் நைனாமலை தனித்து நிற்கிறது.

இந்த அமைப்பின்மேல் வருஷத்தில் இரு பெருங்காற்றுகள் வீசுகின்றன. ஆனி முதல் ஆவணி வரை மேல்காற்று, பாலக்காட்டுக் கணவாயின் சுமார் 30 கிலோமீட்டர் அகலமுள்ள வாயில் வழியாகப் புகுந்து, கொங்கு நாட்டைக் கடந்து இப்பக்கம் வருகிறது. அப்பொழுது சேந்தமங்கலம் மலைக்கு முன்புறத்தில், காற்று வந்து மோதும் பக்கத்தில் உள்ளது. ஐப்பசி முதல் மார்கழி வரை வடகிழக்குக் காற்று வீசுகையில், அதே ஊர் மலைக்குப் பின்புறத்தில், காற்று மறையும் பக்கத்தில் அமைந்துவிடுகிறது. ஆறு மாதத்துக்கொரு முறை முன்வாசல் கொல்லைப்புறமாகவும், கொல்லைப்புறம் முன்வாசலாகவும் மாறும் வீட்டைப் போன்றது இவ்வூரின் நிலை. ஆடியில் உண்மையாயிருந்த காற்றின் கணக்கு ஐப்பசியில் தலைகீழாகிவிடும்.

மலை காற்றை என்ன செய்கிறது என்பதை வாய்க்கால் நீரைக்கொண்டு எளிதில் விளங்கிக்கொள்ளலாம். அகன்ற வாய்க்காலில் மெதுவாக ஓடும் நீர், குறுகிய மடையில் விரைந்து பாய்கிறது. காற்றும் மேட்டின் உச்சியையோ, இரு குன்றுகளின் இடைவெளியையோ கடக்கையில் நெருக்குண்டு விரைகிறது. ஓடும் நீரின் குறுக்கே பாறை இருந்தால், பாறையின் முன்னே நீர் தேங்கித் தணிகிறது. பின்னே சுழல் உண்டாகிறது. செங்குத்தான மலையின் அடிவாரத்திலும் அவ்வாறே எதிர்க்காற்றுத் தணியும். மலைக்குப் பின்புறத்திலோ காற்று மலையை ஒட்டி இறங்காமல் பிரிந்து, சுழன்று, சில சமயம் எதிர்த்திசையிலும் வீசும். சராசரி வேகம் குறைவாயிருந்தாலும் திடீர் வீச்சுகளால் பயிருக்குக் கேடு விளையும் இடம் இதுவே.

1975-ம் வருஷத்தில் ஜாக்ஸன், ஹண்ட் என்னும் இரு அறிஞர்கள், சரிவு அதிகமில்லாத குன்றின் உச்சியில் காற்று எவ்வளவு விரையும் என்பதற்கு ஒரு கணக்கு வகுத்தார்கள். நீண்ட கரை போன்ற ஒரு மேட்டின் உயரத்தை, உச்சியிலிருந்து பாதி உயரத்துக்கு இறங்கும் இடம் வரை உள்ள தூரத்தால் வகுத்து, அதை இரண்டால் பெருக்கினால் வேகத்தின் அதிகப் பங்கு ஏறத்தாழக் கிடைக்கும். மேடு 100 மீட்டர் உயரமும், அந்தத் தூரம் 500 மீட்டரும் ஆனால், உச்சியில் வேகம் நூற்றுக்கு நாற்பது மிகும். சமவெளியில் மணிக்கு 30 கிலோமீட்டராக இருக்கும் காற்று அங்கே 42 கிலோமீட்டராகும். காற்றின் தாக்கு வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகையால் பன்னிரண்டு கிலோமீட்டர் மிகுதியால் வாழைத்தண்டின்மேல் விழும் தாக்கு ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. இலை கிழிவதற்கும் மரம் சாய்வதற்கும் உள்ள வித்தியாசம் சில சமயம் இவ்வளவே.

பகலும் இரவும் இக்கணக்கை மேலும் மாற்றுகின்றன. பகலில் வெயில் பட்டு மலைச்சரிவு சூடேறும்போது, அடிவாரத்துக் காற்று சரிவோடு மேலே ஏறுகிறது. இரவில் சரிவு குளிர்ந்ததும், அதனை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனமாகி, ஓடைத் தண்ணீர்போலப் பள்ளங்களின் வழியே கீழே இறங்குகிறது. குளிர்ந்த அமைதியான இரவில் சமவெளிக் காற்று மலையைத் தாண்டிச் செல்ல வலுவின்றி, அதன் இரு முனைகளையும் சுற்றிக்கொண்டு போகும். இவ்வளவு நுட்பங்களையும் ஒரு சூத்திரத்தில் அடக்க இயலாது. கணிப்பொறி அவசியமாவது இங்கேதான்.

கணக்கிடும் முறை இது: ஒரு பிரதேசத்தின் மேலுள்ள வானத்தைக் கற்பனையில் சிறு சிறு பெட்டிகளாக வகுத்துக்கொள்கிறார்கள். ஒரு பெட்டிக்குள் புகும் காற்று ஏதேனும் ஒரு பக்கத்தில் வெளியேறியே தீரவேண்டும். அதன் வேகம், அமுக்கம், உஷ்ணம் ஆகியவை இயற்கை விதிகளுக்கு உட்பட்டே மாறவேண்டும். அடிப்பெட்டிகளுக்கு மேடுபள்ளத்தின் வடிவமும், தரையில் இருப்பது மரத்தோப்பா, வெற்று நிலமா, ஏரியா என்பதும் கொடுக்கப்படும். ஒவ்வொரு பெட்டியும் அண்டைப் பெட்டிகளோடு பொருந்தும் வரை கணக்குத் திரும்பத் திரும்பச் செய்யப்படும். லூயிஸ் ஃபிரை ரிச்சர்ட்ஸன் என்னும் ஆங்கிலேய அறிஞர் இத்தகைய கணக்கைக் கையாலேயே செய்து பார்த்து, 1922-ம் வருஷத்தில் நூலாக வெளியிட்டார். ஆறு மணி நேரத்து மாறுதலைக் கணிக்க அவர் நெடுநாள் உழைத்தும், கிடைத்த விடை உண்மைக்குப் பொருந்தவில்லை. ஆனால் வழி சரியானதே என்பது, 1950-ம் வருஷத்தில் அமெரிக்காவில் கணிப்பொறியைக் கொண்டு வானிலையைக் கணித்தபோது விளங்கிற்று. இந்தியாவில் 1988-ம் வருஷத்தில் இதற்கென்று தனி மத்திய நிலையமே ஏற்படுத்தப்பட்டது.

அப்படியானால் இன்றைய முன்னறிவிப்பே போதாதா என்று கேட்கலாம். பெட்டியின் அளவில்தான் சங்கடம் இருக்கிறது. புனேயிலுள்ள ஆராய்ச்சி நிலையம் உருவாக்கி, 2025-ம் வருஷம் மே மாதத்தில் நாட்டுக்கு அளிக்கப்பட்ட பாரத முன்னறிவிப்பு முறையில் ஒரு கட்டம் 6 கிலோமீட்டர். அதற்கு முன் வழங்கிய முறையில் இது 12 கிலோமீட்டராக இருந்தது. தேசம் முழுவதற்கும் இது பெரிய முன்னேற்றமே. எனினும், 6 கிலோமீட்டர்க் கட்டத்தில் கொல்லிமலை கிழக்கு மேற்காக மூன்று கட்டங்களுக்குள் அடங்கிவிடுகிறது. காரவள்ளிக்கு மேலுள்ள செங்குத்துச் சரிவு சாய்வான மேடுபோலத் தணிந்துவிடுகிறது. நைனாமலை கணக்கிலிருந்தே மறைந்து போகிறது. கணிப்பொறி காணாத மலையைச் சுற்றி வீசும் காற்றை அது எவ்வாறு சொல்ல முடியும்? ஆகவே பெரிய கணக்கின் விடையை எடுத்துக்கொண்டு, அதை 100 மீட்டர் அல்லது 50 மீட்டர்க் கட்டங்களில் மேடுபள்ளத்துக்கு ஏற்பப் பிரித்துக் கணிக்கும் இரண்டாவது கணக்கு ஒன்று தேவைப்படுகிறது.

இந்த இரண்டாவது கணக்கு தமிழ்நாட்டுக்குப் புதியதன்று. காற்றாலைகளுக்காக முன்னரே நடந்திருக்கிறது. பீர்மேட்டில் பிறந்த விஞ்ஞானி அன்னா மாணி, மூலே என்பவரோடு சேர்ந்து 1983-ம் வருஷத்தில் இந்தியாவின் காற்று அளவுகளைத் தொகுத்து வெளியிட்டார். 1986-ம் வருஷத்தில் தூத்துக்குடிக்கு அருகே முள்ளக்காட்டில் காற்றாலைகள் நிறுவப்பட்டன. பின்னர் ஆரல்வாய்மொழிக் கணவாயின் வாயிலில் முப்பந்தலிலும், பாலக்காட்டுக் கணவாயின் கீழ்ப்புறத்திலும், செங்கோட்டை, கம்பம் கணவாய்களின் பக்கத்திலும் அவை ஆயிரக்கணக்கில் பெருகின. 2010-ம் வருஷத்தில் சென்னையிலுள்ள காற்றுச்சக்தி நிலையம் டென்மார்க் தேசத்து ரிஸோ ஆராய்ச்சிசாலையுடன் சேர்ந்து, கணிப்பொறிக் கணக்கின் உதவியால் இந்தியக் காற்றுப் படத்தொகுப்பை வெளியிட்டது.

ஆனால், காற்றாலைக்காரருக்கு வேண்டிய காற்று வேறு, குடியானவருக்கு வேண்டிய காற்று வேறு. அந்தப் படங்கள் 50 மீட்டர், 80 மீட்டர் உயரத்துக் காற்றைக் காட்டின. பின்னர் வந்தவை அதனினும் உயரத்தைக் காட்டின. வாழை நிற்பது மூன்று மீட்டர் உயரத்தில்; வெங்காயப் பாத்தி இருப்பது தரையில். மேலும், அக்காலத்தில் காற்றாலைகளுக்கு அதிகமாக வழங்கிய எளிய கணக்குமுறை மென்மையான சரிவுகளுக்கே ஏற்றது. சரிவு கடுமையாகிக் காற்றுப் பிரிந்து சுழலும் இடத்தில் அது உண்மையைவிட மிகையான வேகத்தைச் சொல்லிவிடும். கொல்லிமலையின் மேற்குச் சரிவு அத்தகையது. ஆகவே பழைய படத்தைப் பெரிதாக்கிக் கொடுப்பதால் காரியம் ஆகாது. விவசாயத்துக்கென்றே புதிதாகக் கணிக்கவேண்டும்.

இதனால் குடியானவருக்கு நேரும் அனுகூலங்கள் யாவை? முதலாவது, காற்றுத்தடுப்பு. சவுக்கு, அகத்தி முதலியவற்றை வரிசையாக நட்டால், மரத்தின் உயரத்தைப்போல் பத்து முதல் பதினைந்து மடங்கு தூரம் வரை பின்னாலுள்ள பயிருக்குப் பாதுகாப்புக் கிடைக்கும். காற்றில் பாதியை ஊடே விடும் வேலி, சுவர்போல் அடைத்த வேலியைவிட நல்லது. கோயம்புத்தூரிலுள்ள வன மரபியல் நிலையம் இதற்கென்றே சவுக்கு வகைகளைத் தேர்ந்து அளித்திருக்கிறது. ஆனால் தடுப்பு எந்தப் பக்கம் வேண்டும் என்பது காற்றின் திசையைப் பொறுத்தது. ஆடிக்காற்றுக்கு மேற்கு வரப்பில் நட்டது, மலையில் சுழன்று கிழக்கேயிருந்து வரும் ஐப்பசி வீச்சுக்கு உதவாது. எந்தெந்தத் தோட்டத்துக்கு இரு புறமும் தடுப்பு அவசியம், எதற்கு ஒரு புறமே போதும், எந்த நிலத்தில் வாழையைத் தவிர்த்து மரவள்ளியோ சோளமோ வைப்பது உத்தமம் என்பவற்றைக் கணித்த படம் காட்டும்.

இரண்டாவது, மருந்து தெளித்தல். 2021-ம் வருஷம் டிசம்பரில் மத்திய விவசாய அமைச்சகம் டிரோன் கொண்டு மருந்து தெளிப்பதற்கு விதிமுறை வெளியிட்டது முதல் இம்முறை பரவி வருகிறது. காற்று அதிகமானால் மருந்து அயல் நிலத்துக்கும் குடியிருப்புக்கும் செல்லும் என்பது எல்லாரும் அறிந்ததே. விடியற்காலையில் இலை அசையாத அமைதி நிலவும்போதும் ஆபத்து உண்டு என்பதைப் பலர் அறியார். அப்பொழுது குளிர்ந்த காற்று தரையோடு தரையாகப் பள்ளத்தை நோக்கி ஊர்கிறது. அதில் மிதக்கும் நுண்துளிகள் கலைந்து போகாமல் நெடுந்தூரம் சென்று, பள்ளத்திலுள்ள கிணற்றடியிலோ மாட்டுக்கொட்டகையிலோ படியக்கூடும்.

மூன்றாவது, கோழிப்பண்ணை. நாமக்கல் ஜில்லாவின் திறந்த பக்கக் கொட்டகைகளுக்குக் காற்றோட்டமே உயிர். வெயில் உள்ளே விழாதிருக்கக் கிழக்கு மேற்காகக் கட்டுவது விதி. காற்று எப்பக்கம் வரும் என்பதை மலையை உத்தேசித்துக் கணித்த பிறகு இடம் தேர்ந்தால், கோடையில் கோழிகள் வெப்பத்தால் மடிவது குறையும். இரவில் பள்ளத்தை நோக்கி இறங்கும் காற்றோடு துர்நாற்றம் ஊருக்குள் செல்வதையும் தவிர்க்கலாம். கொட்டகை எழும்பிய பின் உண்டாகும் ஊர்ச்சண்டையைவிட, எழும்புவதற்கு முன் பார்க்கும் படம் மலிவானது.

நான்காவது, இன்ஷூரன்ஸ். 2016-ம் வருஷத்தில் திருத்தியமைக்கப்பட்ட வானிலை அடிப்படைப் பயிர் இன்ஷூரன்ஸ் திட்டத்தில், மழையைப்போலவே காற்றின் வேகமும் நஷ்டத்தைத் தீர்மானிக்கும் அளவுகளில் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது. அத்தகைய திட்டத்தில், குறிக்கப்பட்ட நிலையத்தின் காற்றுமானி காட்டுவதே சட்டமாகிறது. காற்றுமானி மலை மறைவிலும், வாழைத்தோட்டம் காற்றுப் பாயும் இடைவெளியிலும் இருந்தால், மரங்கள் சாய்ந்து கிடக்கையிலும் காற்று வீசவில்லை என்றே பதிவாகும். நிலையம் எங்கே நிற்கவேண்டும் என்பதைக் கணக்கினால் தீர்மானிப்பது வெறும் விஞ்ஞான ஆவலன்று. நஷ்டஈடு கிடைப்பதும் கிடைக்காததும் அதைப் பொறுத்தது.

மாசி, பங்குனியில் மலைச்சரிவில் பற்றும் தீயையும் இங்கே நினைவுகூரலாம். 2018-ம் வருஷம் மார்ச் மாதத்தில் தேனி ஜில்லாக் குரங்கணி மலையில் மூண்ட தீயில் மலையேறச் சென்றோர் பலர் மாண்டனர். சரிவில் தீ எத்திசையில் விரையும் என்பதைக் காற்றே நிர்ணயிக்கிறது. அமெரிக்க வன இலாகா தன் தீயணைப்போருக்காகவே மலைக்காற்றைக் கணிக்கும் முறை ஒன்றை உருவாக்கி, எவரும் உபயோகிக்க இலவசமாக வெளியிட்டிருக்கிறது. அது சாதாரண மேஜைக் கணிப்பொறியிலேயே ஓடக்கூடியது.

இனி ஆட்சேபங்களைக் கவனிப்போம். கணக்கு வெறும் ஊகமே என்பது ஒன்று. ஓரளவு நியாயமான ஆட்சேபமே. டென்மார்க்கில் போலுண்ட் என்னும் 12 மீட்டர் உயரமே உள்ள ஒரு சிறு குன்றின் காற்றை அளந்து வைத்துக்கொண்டு, அளவுகளைக் காட்டாமல் பல நாட்டு நிபுணர்களைக் கணிக்கச் சொன்னார்கள். ஒரே குன்றுக்கு விடைகள் ஒன்றுக்கொன்று வெகுவாக வேறுபட்டன. ஆகவே அளவின்றிக் கணக்கை நம்புவது தவறு. 1982, 1983-ம் வருஷங்களில் ஸ்காட்லாந்தின் ஆஸ்கர்வெய்ன் குன்றில் ஐம்பதுக்கு மேற்பட்ட கம்பங்களை நாட்டிக் காற்றை அளந்தனர். 2017-ம் வருஷத்தில் போர்ச்சுகல் தேசத்துப் பெர்டிகாவோவில், இணையாகச் செல்லும் இரு மலைவரிசைகளுக்கு இடைப்பட்ட பள்ளத்தாக்கை அதனினும் விரிவாக ஆராய்ந்தனர். கணக்கு இன்று நம்பத்தக்க நிலைக்கு வந்திருப்பது இத்தகைய அளவுகளோடு ஒப்பிட்டுத் திருத்தப்பட்டதனாலேயே. நாமகிரிப்பேட்டைப் பள்ளத்தாக்கையோ கொல்லிமலைச் சரிவையோ கணிப்பவரும் அந்த ஒழுங்கைக் கைக்கொள்ளவேண்டும்.

குடியானவரின் அனுபவமே போதும் என்பது மற்றோர் ஆட்சேபம். அனுபவம் விலைமதிப்பற்றது, ஆயினும் அது ஒருவர் உழுத நிலத்தைப் பற்றியது. புதிதாக வாங்கிய நிலத்துக்கும், முன்பு வைத்திராத பயிருக்கும், அயலார் தோப்பை வெட்டிய பின் மாறிய காற்றுக்கும் அது உடனே விடை சொல்லாது. கணக்கு அனுபவத்துக்குப் போட்டியன்று. எந்த வயலில் எந்த மாதத்தில் மரம் எத்திசையில் சாய்ந்தது என்று குடியானவர் சொல்லும் செய்தியே கணக்கைச் சோதிக்கும் உரைகல்.

செலவு அதிகம் என்பது மூன்றாவது. 2000-ம் வருஷத்தில் அமெரிக்க விண்கலத்திலிருந்து அளக்கப்பட்ட மேடுபள்ள விவரம் 30 மீட்டர் இடைவெளியில் இலவசமாகவே கிடைக்கிறது. 2005-ம் வருஷத்தில் ஏவப்பட்ட இந்தியாவின் கார்ட்டோசாட் செயற்கைக்கோளின் அளவுகளும் உண்டு. கணக்குமுறைகள் பல பொதுச்சொத்தாக உள்ளன. குறைவாயிருப்பவை தரையில் நிற்கும் காற்றுமானிகளே.

ஆகையால் வேளாண்மை இலாகா செய்யத்தக்கது இதுவாகும். சேந்தமங்கலம் சமவெளியில் ஒன்று, காரவள்ளி அடிவாரத்தில் ஒன்று, மலைமேல் செம்மேட்டில் ஒன்று, நைனாமலையின் கீழ்ப்புறத்தில் ஒன்று, நாமகிரிப்பேட்டைப் பள்ளத்தாக்கில் ஒன்று என ஐந்து காற்றுமானிகளை முதலில் நிறுவலாம். ஆடியும் ஐப்பசியும் அடங்க ஒரு முழு வருஷம் பதிவு செய்து, பல்கலைக்கழகத்தாரைக் கொண்டு கணித்து, பதிவோடு ஒப்பிட்டுத் திருத்தவேண்டும். கிடைக்கும் படத்தை எண்களாக அச்சிட்டு அலுவலகத்தில் வைத்துவிடாமல், இந்த ஊரில் இந்த மாதத்தில் காற்று இத்திசையில் இவ்வளவு, பகலில் இப்படி, இரவில் அப்படி என்று எளிய தமிழில் எழுதி, ஊராட்சி தோறும் ஒட்டவேண்டும். பிழை கண்டவிடத்துக் குடியானவர் தெரிவிக்கவும் வழி இருக்கவேண்டும்.

குடியானவர்களும் தம் பங்கைச் செய்யலாம். தோட்டத்தில் ஒரு கம்பின் உச்சியில் துணிக்கொடி கட்டி, விடியற்காலையிலும் பிற்பகலிலும் அது பறக்கும் திசையைப் பஞ்சாங்கத்தின் ஓரத்தில் குறித்து வருவதற்குச் செலவு ஏதும் இல்லை. ஒரு வருஷக் குறிப்பு கையில் இருந்தால், சவுக்கு நாற்று எந்த வரப்பில் வைப்பது என்பதை அவரே பாதி தீர்மானித்துவிடுவார். மீதிப் பாதியைத் தீர்மானிக்கக் கணிப்பொறிக் கணக்குத் துணை செய்யும். வருகிற ஆனிக்கு முன்னே காற்றுமானிகள் நாட்டப்படுமானால், அடுத்த வருஷத்து வாழை நடவுக்கே இதன் பயன் கிட்டும்.